எட்டுச் சட்டைகளின் சாட்சியம்

வாருங்கள், வாசகர்களே. இந்தப் படிக்கட்டில் பார்த்து இறங்குங்கள். மூன்றாம் படி உடைந்திருக்கிறது. நிலவறையின் கோடியில் பதினேழாம் எண்ணிட்ட இரும்பு அலமாரி நிற்கிறது. அதன் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியின் முன் நின்று ஓர் அநீதிக்குச் சாட்சியாகுங்கள்.

இரத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். ஓலம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொள்ளாதீர்கள். பெட்டிக்குள் இருப்பவை எட்டுக் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும், கடுகில் கால்வாசிகூடத் தேறாத ஒரு வெறுந்தோல். அவ்வளவுதான். அநீதி எப்போதும் அரிவாளோடு வருவதில்லை. சில வேளை அது ஒரு தாளோடு வரும். பேனாவையும் தானே நீட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீரும் வரவழைத்து, ‘இங்க ஒரு கையெழுத்து போடும்மா’ என்று அன்பொழுகப் பேசும்.

அந்தப் பேனாவை வாங்கியவள் மூத்தவள். அந்தக் கையெழுத்தால் நான்காண்டு உழைப்பை இழந்து நின்றவள், அவளோடு ஒரே வயிற்றில் பிறந்த இளையவள்.

மூத்தவளுக்கு உயிரியல் ஆய்வு நிலையத்தில் தகடு தயாரிக்கும் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே மேசை, ஒரே நுண்ணோக்கி, ஒரே சன்னல். நிலையத்தில் அவளுக்குப் பெயரே ‘ஸ்லைடு அக்கா’ என்றாகிவிட்டது. ஓட்டிலும் மதிலிலும் சுரண்டியெடுத்த பாசி, காகித உறைகளில் காய்ந்து அவளிடம் வரும். அவள் அதை நீரில் ஊறவைப்பாள், பிழிவாள், வடிந்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, விளக்கடியில் வைத்துத் தேடுவாள். மண்துகளுக்கும் இலைத்தூளுக்கும் நடுவே, எட்டுக் கால்களை அசைத்துக்கொண்டு, அவசரமே இல்லாத நடையில் ஒன்று ஊர்ந்து வரும். அதுதான் நீர்க்கரடி. அரை மில்லிமீட்டர் உடம்பு; ஆனால் காலுக்குக் கால் இருக்கும் நகத்தைப் பார்த்தால் கரடி என்று அழைத்தவன் பொய் சொல்லவில்லை என்று தோன்றும்.

அதைக் கிண்ணத்திலிருந்து தூக்க இடுக்கி உதவாது, நசுங்கிவிடும். மூங்கில் குச்சியின் நுனியில் ஓர் இமைமுடியை ஒட்டி, அந்த முடியின் வளைவில் ஏந்தி எடுப்பாள். அந்த முடி இளையவளுடையது. ‘உன் முடி ரொம்ப மெலிசுக்கா, துவண்டு போகுது. என்னோடதை வெச்சுக்கோ’ என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே அவளே பிடுங்கிக் கொடுத்தது. தகட்டின் மூடியைச் சுற்றி அடைக்கும் நகப்பூச்சும் இளையவளுடையதுதான். பூசிப் பூசி அலுத்துப்போன அடர்சிவப்புக் குப்பி.

இனி, வழக்கின் வேரைக் கேளுங்கள்.

நிலையத்தின் முகப்பு மண்டபத்தில் ஆளுயர ஓவியம் ஒன்று தொங்குகிறது. இடப்பக்கம் ஒரு நீர்க்கரடி. வலப்பக்கம் அதன் முட்டை. ஓடெங்கும் கவிழ்த்த கிண்ணங்களைப் போன்ற முளைகள். முப்பதாண்டுகளுக்கு முன், இதே கட்டடத்தின் கூரைப் பாசியில் அந்தப் புதிய இனத்தைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தவர் இன்றைய இயக்குநர். நாற்காலி, நாடு கடந்த புகழ், நிலையத்துக்கு நீண்ட வரிசையில் மாணவர்கள், எல்லாம் அந்தக் கரடியின் முதுகில் ஏறி வந்தவை.

இளையவள் ஆய்வு மாணவியாய்ச் சேர்ந்து நான்காண்டுகள் அதே கூரையில் ஏறினாள். அவள் கண்டது இது: அந்தப் பாசியில் இருப்பது ஓரினம் அல்ல, ஒன்றை நகலெடுத்தாற்போல் மற்றொன்று இருக்கும் ஈரினம். ஒரே பாசிக் கொத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டாராய் வாழ்கின்றன. இயக்குநர் ஓரினத்தின் உடலையும் மற்றோர் இனத்தின் முட்டையையும் சேர்த்து ஒரே பெயரில் எழுதிவிட்டார். ஓவியத்தில் தொங்குவது தாயும் முட்டையும் அல்ல. முன்பின் அறியாத இருவர்.

தவறு யாருக்கும் நேரும். முப்பதாண்டுகளுக்கு முன் மரபணுவைப் படிக்கும் வசதி அந்த நிலையத்தில் இல்லை. அவரே சிரித்துக்கொண்டு திருத்தியிருந்தால் அவர் புகழில் ஒரு மயிரிழைகூடக் குறைந்திருக்காது. ஆனால் கருத்தரங்கில் இளையவள் வாயை அடக்கவில்லை. காக்கைக் கூட்டில் குயில் முட்டையைப் பார்த்துவிட்டு, காக்கைதான் குயில் முட்டை இடும் என்று எழுதிவைத்தால் காக்கை என்ன செய்யும் என்று கேட்டாள். அரங்கு சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். சிரித்தவர் மறக்கவில்லை.

இளையவளின் ஆதாரம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று உருவம். கடைசிக் கால்களின் நகத்தடியில் பிறை போன்ற ஒரு மேடு உண்டு. ஓரினத்துக்கு அது மழமழப்பு, மற்றதற்கு அதில் ரம்பப் பல். இன்னொன்று மரபணு. எட்டு விலங்குகளை உயிரோடு படமெடுத்து, எட்டுக் குழாய்களில் இட்டு, டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தாள். ஒன்றாம், நான்காம், ஆறாம் எண்களின் மரபெழுத்து வேறாக வந்தது. படத்தில் பல் தெரிந்தவையும் அதே மூன்றுதான். பல்லும் எழுத்தும் ஒரே பேச்சைப் பேசினால் அது தனியினம். வாதம் அவ்வளவு எளிது, அவ்வளவு உறுதி.

ஆனால் அந்த எட்டுக் குழாய்களும் ஒரே பட்டையாய் ஒட்டிய சின்னஞ்சிறு குழாய்கள். தனித்தனி எண் எழுத இடமில்லை. எது முதல் குழாய் என்பதற்கு ஒரு முனையில் மைப்புள்ளி வைப்பார்கள். புள்ளியை வைத்தவளும், விலங்கை இமைமுடியால் ஏந்திக் குழாயில் இட்டவளும், பிறகு டி.என்.ஏ. கரைந்த நீரை உறிஞ்சி எடுத்தவளும் மூத்தவள்.

இயக்குநர் அவளை அழைத்தார். உட்காரச் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

‘அன்னிக்கு அந்தப் பட்டையில மைப்புள்ளி எந்தப் பக்கம்மா இருந்தது?’

‘இடப்பக்கம்தான் சார். எப்பவும் அப்படித்தான் வெப்பேன்.’

‘எப்பவும்னு கேக்கல. அன்னிக்கு.’

அவள் யோசித்தாள். அன்றைக்கும் மற்ற நாளுக்கும் என்ன வேறுபாடு? எல்லா நாளும் ஒரே நாள்.

‘நினைவில்ல சார்.’

‘ஸ்பிரிட் பட்டா அந்த மை அழியுமில்ல?’

‘அழியும்.’

‘அப்போ பட்டை திரும்பியிருக்கலாம். ஒண்ணு எட்டாகும், நாலு அஞ்சாகும், ஆறு மூணாகும். திரும்பவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?’

காணாததைக் கண்டேன் என்று சொல்லிப் பழகாதவள் அவள். தகட்டில் தெளிவில்லாத நகத்தைத் ‘தெளிவில்லை’ என்று எழுதுவதே அவள் தொழில் ஒழுக்கம். ஒரு நாளைக்கு நாற்பது குழாயைத் தொடுகிறவள், ஒன்றரை ஆண்டுக்கு முன் தொட்ட ஒரு புள்ளிக்கு எப்படிச் சத்தியம் செய்வாள்? நேர்மையாளரை வீழ்த்த நெருப்பு வேண்டாம். அவர்கள் நேர்மையே போதும். ‘நினைவில்லை’ என்று அவள் சொன்னது, இயக்குநரின் தாளில் ‘மாறியிருக்கக்கூடும்’ என்று ஏறியது. வாயிலிருந்து தாளுக்குப் போகும் அந்த ஒரு சாண் தூரத்தில் ஓர் ஆயுள் மாறிப்போகும்.

அவள் பேனாவைத் தொடவில்லை. அப்போதுதான் அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

‘ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு, உங்க கை தவறிடுச்சு. இல்லைன்னா, உங்க தங்கச்சி வேணும்னே மாத்திட்டா. தவறுன்னா திருத்திக்கலாம். மோசடின்னா அந்தப் பொண்ணு இனி எங்கயும் கால் வைக்க முடியாது. எதுன்னு நீங்களே சொல்லுங்க.’

மூன்றாவது வழி ஒன்று இருந்தது: பட்டை திரும்பவே இல்லை என்பது. அந்த அறையில் அதற்கு நாற்காலி போடப்படவில்லை. தங்கையின் கை சுத்தமாக இருக்கட்டும், கறை தன் கையில் இருக்கட்டும் என்று எண்ணி மூத்தவள் கையெழுத்திட்டாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்துவிட்டு வந்தாள்.

ஆய்வேட்டை மதிப்பிடும் குழு கூடியது. ஆதாரம் நம்பத்தக்கதன்று என்று எழுதியது. ஆய்வேடு தள்ளுபடி. திருத்தி மறுபடி கொடுக்கலாம் என்று இயக்குநர் கோடிகாட்டிய வாசல், குழுவின் தாளில் எங்கும் இல்லை. இளையவள் இருமுறை மேல்முறையீடு எழுதினாள். இருமுறையும் ஒரே விடை: குழாய் வரிசை மாறியிருக்கக்கூடும் என்று தங்கள் தமக்கையே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் முறை அவள் எழுதவில்லை. புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி, பசைநாடா ஒட்டி, கட்டிலுக்கடியில் தள்ளினாள். இரண்டு தெரு தள்ளியிருந்த மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடி வில்லையைச் சட்டத்தில் பொருத்துவது, திருகாணி முடுக்குவது, வருகிறவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி ‘கடைசி வரி தெரியுதா?’ என்று கேட்பது.

அவள் ஏசியிருந்தால் மூத்தவளுக்கு ஆறியிருக்கும். தட்டை வீசியிருந்தால், கதவை அறைந்திருந்தால், ஒரு நாள் சோறு உண்ணாமல் படுத்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு அறை வீட்டில் இருவரும் சாவியைப் பற்றிப் பேசினார்கள். மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று பேசினார்கள். நாளைக்குப் பேருந்து ஓடுமா என்று பேசினார்கள். துணி காயவில்லை என்றாள் ஒருத்தி. வெயிலே இல்லையே என்றாள் மற்றவள். பதினெட்டு மாதங்கள் அப்படிப் போயின.

ஒருநாள் காலையில் சூடேறிய தோசைக்கல் என்றும் பாராமல் மூத்தவள் அதன்மேல் விரலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். தோல் கருகும் வாடை வந்த பிறகே, அது தன் விரல் என்று தெரிந்தது. இளையவள் அவள் கையைப் பிடித்துக் குழாய்நீரில் வைத்தாள். அந்தப் பதினெட்டு மாதத்தில் ஒருவரை ஒருவர் தொட்டது அந்த ஒரு முறைதான்.

‘நீ என்ன நீர்க்கரடியாக்கா? காய்ஞ்சு கிடந்துட்டு, தண்ணி ஊத்தினா எழுந்துக்கறதுக்கு?’

நகைச்சுவைதான். இருவரும் சிரிக்கவில்லை. கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டு ஒருத்தி கடைக்குப் போனாள். ஒருத்தி நிலையத்துக்குப் போனாள்.

நிலவறைக் காப்பாளருக்கு நிலையத்தில் ‘சாவி’ என்று பெயர். இடுப்பில் கொத்தாக அறுபது சாவிகள். அவர் நடந்தால் நடப்பது அவரா, பழைய இரும்புக் கடையா என்று கேட்பார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை அவர் மூத்தவளின் மேசைக்கு வந்து ஒரு தகரப் பெட்டியை வைத்தார்.

‘தங்கச்சி, உன் சொத்து ஒண்ணு என் தலைமேல உக்காந்திருந்தது. பதிவேட்டுல பேர் இல்லாததையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள அழிக்கணும்னு மேல இருந்து உத்தரவு. கையெழுத்து உன்னோடது மாதிரி இருக்கேன்னு கொண்டாந்தேன். செவப்பா பூசி, கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கு.’

பெட்டிக்குள் எட்டுத் தகடுகள். அடர்சிவப்பு வளையம். ஓரத்தில் பென்சிலால் ஒன்று முதல் எட்டு வரை எண், ஒரு தேதி, அதன்கீழ் ‘சட்டை’ என்ற ஒரே சொல்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததன்று; செய்முறைக் குறிப்பிலும் இல்லை. டி.என்.ஏ.வைப் பிரிக்கும்போது விலங்கின் உள்ளுடம்பு கரைந்துவிடும். தோல் மட்டும், பாம்பு உரித்த சட்டையைப் போல, நகமும் வாயும் கெடாமல், குழாயின் அடியில் கிடக்கும். நீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டு குழாயைக் குப்பையில் போடுவது எல்லாரும் செய்வது. மூத்தவளுக்கு மனம் வராது. நீரை எடுத்த கையோடு, அதே குழாயின் அடியிலிருந்து அந்தச் சட்டையையும் இமைமுடியால் ஏந்தித் தகட்டில் ஒட்டிவைப்பாள். காய்வதற்காக நிலவறை அலமாரியில் வைப்பாள். பெரும்பாலும் மறந்துவிடுவாள். தட்டில் ஒரு பருக்கையை விட மனம் வராதவள் செய்வதைப் போன்ற ஒரு செயல் அது. அறிவியல் என்று அவள் அதை எண்ணியதே இல்லை.

தேதியைப் பார்த்தாள். அந்த நாள்.

ஒரே குழாயின் நீர் மரபெழுத்தானது. ஒரே குழாயின் சட்டை இதோ தகட்டில் இருக்கிறது. மைப்புள்ளி இடமிருந்தால் என்ன, வலமிருந்தால் என்ன? நான்காம் குழாயின் நீர் எந்த விலங்கினுடையதோ, நான்காம் தகட்டின் தோலும் அதே விலங்கினுடையது. ஆயிரம் முறை பட்டை திரும்பியிருந்தாலும் இந்த இரண்டும் பிரியா.

அவள் முதல் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். எண்ணெய்த் துளி விட்டாள். திருகைத் திருப்பினாள். மங்கலிலிருந்து கடைசிக் கால் மேலெழுந்து வந்தது. பிறை வந்தது. பிறையில் பல்.

இரண்டு: மழமழப்பு. மூன்று: மழமழப்பு. நான்கு: பல். ஐந்து: மழமழப்பு. ஆறு: பல். ஏழு, எட்டு: மழமழப்பு.

நுண்ணோக்கியின் விளக்கு மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே யாரோ ஒரு சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள். அவள் எண்ணெயைத் துடைத்தாள், எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதினாள், மடித்துப் பையில் வைத்தாள். பிறகு மாலைவரை வேறு யாருக்கோ தகடு தயாரித்தாள்.

வீட்டில் இளையவள் மேசைமேல் செய்தித்தாளை விரித்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

‘அந்த எட்டுல, எழுத்து வேறயா வந்தது எந்தெந்த நம்பர்?’ என்று மூத்தவள் கேட்டாள். பதினெட்டு மாதத்தில் அதைப் பற்றி வீட்டில் ஒலித்த முதல் சொல்.

இளையவள் தலை தூக்கவில்லை. நினைத்துப் பார்க்கவும் இல்லை.

‘ஒண்ணு, நாலு, ஆறு.’

மூத்தவள் துண்டுத்தாளைத் திருகாணிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். சட்டைகளைப் பற்றிச் சொன்னாள். பழக்கத்தைச் சொன்னாள், பெட்டியைச் சொன்னாள், சாவி கொண்டுவந்ததைச் சொன்னாள். ஒரு சரக்குப் பட்டியலை வாசிப்பவள் குரலில் சொன்னாள்.

இளையவள் எழுந்து போய்க் கை கழுவினாள். துடைத்தாள். அதன்பின்தான் தாளைத் தொட்டாள்.

‘திரும்பியிருந்தா எட்டு, அஞ்சு, மூணுல பல் இருந்து எழுத்து ஒட்டாம போயிருக்கணும்.’

‘ஆமா.’

‘நீ மாத்தலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உனக்குத்தான் தெரியல.’

எண்களை இன்னொரு முறை படித்துவிட்டு இளையவளே கேட்டாள்:

‘சட்டையை எடுத்து வெச்சிருக்கேன்னு ஏன் அப்பவே சொல்லல?’

‘யாரும் கேக்கல.’

‘நானும் கேக்கல,’ என்றாள் இளையவள். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி திருகாணியை எடுத்தாள். ஆனால் அதை முடுக்கவில்லை. விரல்நுனியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூத்தவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். முன்பு எழுதிக்கொடுத்ததைத் திரும்பப் பெறும் தாளையும் நீட்டினாள். அவர் கோபிக்கவில்லை. பெரிய நாற்காலிகளில் கோபம் தேவைப்படுவதில்லை. தகடுகளைப் பார்க்கலாமே, நுண்ணோக்கி பக்கத்து அறையில்தானே இருக்கிறது என்று அவள் சொன்னபோது, பதிவில் இல்லாத தகடு நிலையத்தைப் பொறுத்தவரை இல்லாத தகடு என்று விளக்கினார்.

‘பென்சில்ல எந்தத் தேதியையும் எந்த நாளும் எழுதலாம்மா. நினைவில்லைன்னு எழுதிக் கொடுத்த கைதானே இது? அன்னிக்கு இல்லாத நினைவு இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சு?’

‘நினைவு வரல சார். இப்பவும் இல்ல. கண்ணால பாத்தேன். நீங்களும் பாக்கலாம்.’

அவர் பார்க்கவில்லை. இருபது அடி. எழுந்து இருபது அடி நடந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் குனிந்து வைத்திருந்தால் போதும். வெள்ளிக்கிழமை உத்தரவு எல்லாத் தகட்டுக்கும் பொது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் தந்த தாளைக் கோப்பில் செருகினார். செருகுவது கிழிப்பதைவிடப் பாதுகாப்பானது என்பதை அவர் அறிவார். கிழித்தால் ஓசை எழும்.

வியாழக்கிழமை அவள் பெட்டியைச் சாவியிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். நடந்ததை அவர் கேட்டார். கேட்டுவிட்டு மேசையிலிருந்து பெரிய பதிவேட்டை இழுத்தார், தூசி பறந்தது. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் விதிப்படி காப்பாளருக்கு உண்டு. இருபத்தாறு ஆண்டுகளில் அவர் அதைப் பயன்படுத்தியதில்லை; மேலிருந்து வருவதை எழுதுவார், அவ்வளவுதான்.

உங்களை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று மூத்தவள் தடுத்தாள்.

‘என்ன செய்வாங்க? சாவியைப் பிடுங்குவாங்க. இடுப்பு வலியாவது தீரும். சொல்லு, என்னன்னு எழுதணும்?’

அவள் சொன்னாள். எட்டு வெறுந்தோல்கள். கூரைப் பாசி. இன்ன தேதி. டி.என்.ஏ. பிரித்த அதே குழாய்களிலிருந்து எடுத்தவை. ஒன்று, நான்கு, ஆறில் நகப்பிறையில் பல் உண்டு. மற்றவற்றில் இல்லை. ‘ரெண்டு இனம்னு எழுதட்டுமா?’ என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள் என்றாள். அவர் எழுதி, முத்திரை குத்தி, ஒவ்வொரு தகட்டிலும் எண் ஒட்டினார். பதினேழாம் அலமாரி, நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை. இனி அவற்றை அழிக்க இயக்குநராலும் ஆகாது.

அப்போது சாவி அலமாரியின் பக்கத்தில் ஆணியில் தொங்கிய ஒரு மெல்லிய நோட்டைக் காட்டினார். பார்வையாளர் நோட்டு. வெளியாள் எவரும் ஒரே ஒரு கடிதம் எழுதிக் கேட்டால், பதிவான எந்தத் தகட்டையும் காட்டியே தீரவேண்டும். பார்த்தவர் கண்டதை அந்த நோட்டில் எழுதலாம். எழுதியது நிலையத்தின் ஏட்டோடு முரண்பட்டால், நிலையம் மறுபடி ஆய்ந்து எழுத்தில் விடை சொல்ல வேண்டும். இதுவும் விதிதான். வழக்கில் பங்குள்ளவர் கேட்டால் மட்டும் செல்லாது; ஆகவே மூத்தவளும் கேட்க முடியாது, இளையவளும் கேட்க முடியாது.

அவள் நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கம் வெள்ளை. கடைசிப் பக்கமும் வெள்ளை.

‘இருபத்தாறு வருஷமா மாட்டி வெச்சிருக்கேன்,’ என்றார் சாவி. ‘கரையான்கூடக் கேட்டு வரல.’

இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. சாவியின் பணியை நிலவறையிலிருந்து வாயிற்கதவுக்கு மாற்றினார்கள். ஐம்பத்தொன்பது சாவிகளை வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டார்கள். முகப்பு மண்டபத்தில் தாயல்லாத தாயும் அவளுடையதல்லாத முட்டையும் இன்னும் ஒரே சட்டத்துக்குள் தொங்குகின்றன. புதிய மாணவர்கள் அதைப் பார்த்து வரைந்துகொள்கிறார்கள். மூத்தவள் பாசியை ஊறவைக்கிறாள், பிழிகிறாள், தேடுகிறாள். மூங்கில் குச்சியிலிருந்த இமைமுடி உதிர்ந்துபோயிற்று. சென்ற மாதம் மேசைமேல் ஒரு மடித்த தாளில் புதியது ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை, இளையவள் சொல்லவும் இல்லை. அட்டைப் பெட்டி கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது, பசைநாடாவும் பிரிக்கப்படவில்லை. கண்ணாடிக் கடையில் இளையவள் வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: ‘கடைசி வரி தெரியுதா?’

வாசகர்களே, உங்களையும்தான் கேட்கிறாள்.

மூத்தவளுக்காக இரங்காதீர்கள், இரக்கத்தால் ஒரு தகடும் திறவாது. இயக்குநரைச் சபிக்காதீர்கள், சாபம் நோட்டில் ஏறாது. அந்த மூன்று பேரும் தங்களால் ஆனதைச் செய்துவிட்டார்கள். ஒருத்தி சட்டையைக் காத்தாள், ஒருத்தி எண்ணை மறவாதிருந்தாள், ஒருவர் முத்திரை குத்தினார். மிச்சமிருப்பது கேட்பது ஒன்றுதான். கேளாமல் இருந்தோம் நாம் எல்லோரும்; அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

எழுதுங்கள். ஒரு தாள் போதும், ஒரு வரி போதும். ‘பதினேழாம் அலமாரியில் நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரையுள்ள தகடுகளை நான் பார்க்க வேண்டும்’ என்று எழுதுங்கள். விடை வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். வந்தால் புறப்பட்டுப் போங்கள். படிக்கட்டில் மூன்றாம் படியைப் பார்த்து இறங்குங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், மறு கண்ணைக் குனிந்து வையுங்கள், மங்கலிலிருந்து அந்தப் பிறை மேலெழும்வரை திருகைத் திருப்புங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். உங்கள் பெயரை அதன்கீழ்ப் போடுங்கள்.

இன்றே கேளுங்கள்.